வேலை பார்த்துக்கொண்டே டிகிரி: பல பக்கமும் வழி விடும் மேஜரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேம்பதி, வடகரப்பதி பக்கம் இருக்கிற நம் ஆட்கள் முப்பது வயதுக்கு மேல் டிகிரி படிக்கலாம் என்று கிளம்பும்போது முதலில் கேட்பது "எந்தப் பாடம் ஈஸி?" என்றுதான். அந்தக் கேள்வியோடு சேர்கிறவர்களில் பலர் இரண்டாம் வருடத்தில் நின்றுவிடுகிறார்கள். சிலர் கஷ்டப்பட்டு முடித்துவிடுகிறார்கள், ஆனால் ஆசைப்பட்ட வேலைக்கு அந்தப் பட்டம் செல்லாது என்பது அறிவிப்பு வந்த பிறகுதான் தெரிகிறது.

நானும் வேலைக்குப் போய்க்கொண்டே தொலைநிலையில் பட்டம் முடித்தவன். அதற்குப் பிறகு இந்தப் பக்கம் பலருக்குக் கூட உட்கார்ந்து விண்ணப்பம் போட்டுக் கொடுத்திருக்கிறேன். எல்லோருக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: மேஜரை, அதாவது பட்டத்தின் முதன்மைப் பாடத்தை, கடைசியில் முடிவு செய்யுங்கள். எங்கே போக வேண்டும், கையில் என்ன சான்றிதழ் இருக்கிறது, வாரத்தில் எவ்வளவு நேரம் கிடைக்கும், எந்த மொழியில் எழுத முடியும் என்ற நான்கையும் முடித்துவிட்டு வந்தால் மிஞ்சுவது இரண்டு மூன்று மேஜர்தான். கீழே இருக்கிற வரிசையை மாற்றாமல் போங்கள். ஒரு படியில் கிடைக்கும் பதில் அடுத்த படிக்கு வேண்டியிருக்கும்.

1. போக வேண்டிய இரண்டு இடங்களை எழுதுங்கள்

ஒரு தாளில் இரண்டு வேலை, அல்லது ஒரு வேலையும் ஒரு மேற்படிப்பும் எழுதுங்கள். "ஏதாவது கவர்ன்மென்ட் வேலை" என்று எழுதினால் அது கணக்கில் சேராது. கேரள பி.எஸ்.சி. (அரசுப் பணியாளர் தேர்வாணையம்) நடத்தும் டிகிரி லெவல் தேர்வு, கஞ்சிக்கோட்டில் இப்போது இருக்கிற கம்பெனியிலேயே அக்கவுண்ட்ஸ் பிரிவு, பி.எட். முடித்துத் தமிழாசிரியர், மூன்றாண்டு சட்டப்படிப்பு என்று பெயர் சொல்லி எழுத வேண்டும். ஏன் இரண்டு? ஒன்றை மட்டும் வைத்து மேஜர் எடுத்தால், அந்த வழி அடைபட்ட அன்று பட்டமும் உதவாமல் போகும். ஐந்தாறு எழுதினால் எந்த மேஜரும் பொருந்தாது.

எழுதிய பிறகு, அந்த வேலைக்குக் கடைசியாக வந்த அறிவிப்பைத் தேடி எடுத்து இரண்டு வரிகளை மட்டும் படியுங்கள். ஒன்று கல்வித்தகுதி, இன்னொன்று வயது. "ஏதாவது ஒரு பாடத்தில் பட்டம்" என்று இருந்தால் மேஜர் உங்கள் இஷ்டம். பாடத்தின் பெயர் இருந்தால், அந்தப் பெயர்தான் உங்கள் மேஜர். கேரளத் தலைமைச் செயலக உதவியாளர், தமிழ்நாட்டின் குரூப் 2, வங்கி கிளார்க், எஸ்.எஸ்.சி. நடத்தும் பட்டதாரி நிலைத் தேர்வின் பெரும்பாலான பதவிகள், யு.பி.எஸ்.சி. சிவில் சர்வீஸ் எல்லாமே முதல் வகை.

வயதை ஏன் இவ்வளவு முன்னாலேயே பார்க்கச் சொல்கிறேன் என்றால், குறைந்தது மூன்று வருடம் கழித்து, படிப்பு முடிகிறபோது உங்களுக்கு எத்தனை வயது என்பதுதான் முக்கியம். வங்கி கிளார்க் தேர்வுக்குப் பொதுப்பிரிவில் வயது 20 முதல் 28 வரைதான். கேரள பி.எஸ்.சி.யின் பெரும்பாலான பட்டதாரிப் பதவிகளுக்குப் பொதுப்பிரிவில் 36 வரை, பிற்படுத்தப்பட்டோருக்கு 39, பட்டியல் பிரிவினருக்கு 41. இன்றைக்கு 37 வயதில் சேருகிற பிற்படுத்தப்பட்ட பிரிவுக்காரர் பி.எஸ்.சி.யை மட்டும் நம்பி மேஜர் எடுக்கக் கூடாது. அவர் இப்போதைய வேலையில் பதவி உயர்வு, சொந்தத் தொழில், சட்டம், முதுகலை என்று வேறு பக்கம் பார்க்க வேண்டும்.

எல்லைப்பக்கத்துக்காரர்கள் அடிக்கடி இடறுகிற இடம் இன்னொன்று இருக்கிறது. தமிழ் படித்தவர்கள்தானே என்று தமிழ்நாட்டுத் தேர்வை நம்பிப் படிப்பார்கள். எழுதலாம், தடையில்லை. ஆனால் கேரளத்தில் வாங்கிய சாதிச் சான்று அங்கே இடஒதுக்கீட்டுக்கு உதவாது, நீங்கள் "மற்றவர்கள்" என்ற பிரிவில்தான் வருவீர்கள், வயது வரம்பும் அந்தப் பிரிவுக்கு உள்ளதுதான். இதைத் தெரிந்துகொண்டு அதை இரண்டாவது வழியாக வைத்துக்கொள்வது நல்லது.

ஆசிரியர் வேலை எழுதியவர்கள் ஒரு நிமிடம் நில்லுங்கள். தமிழ் மீடியம் எல்.பி. பள்ளியில், அதாவது தொடக்கப்பள்ளியில், டீச்சராகத்தான் ஆசை என்றால் அதற்கு முதலில் வேண்டியது டிகிரி அல்ல, டி.எல்.எட். என்ற இரண்டு வருட ஆசிரியர் பயிற்சியும் கே-டெட் என்ற கேரள ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சியும்தான். பி.எட். வைத்துத் தொடக்கப்பள்ளிக்குப் போக முடியாது என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. பட்டமும் பி.எட்.டும் வேண்டியிருப்பது உயர்நிலைப் பள்ளிக்கு.

2. சான்றிதழ்களைச் சரிபாருங்கள், பெயரிலிருந்து ஆரம்பியுங்கள்

எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், பிளஸ் டூ மார்க் ஷீட், ஆதார் மூன்றையும் மேசை மேல் வைத்துப் பெயர், பிறந்த தேதி இரண்டையும் எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். நம் பக்கத்தில் இது பெரிய தலைவலி. கேரளப் பள்ளியில் இனிஷியலைப் பெயருக்குப் பின்னால் எழுதியிருப்பார்கள், வீட்டுப்பெயரும் சேர்ந்திருக்கும். பொள்ளாச்சியிலோ கோவையிலோ படித்த சான்றிதழில் அப்பா பெயரின் முதலெழுத்து முன்னால் இருக்கும். ஆதாரில் மூன்றாவதாக ஒரு வடிவம். இப்போது சேர்க்கைக்கான அடையாள எண்கள் எல்லாம் ஆதார் பெயரை ஒட்டியே உருவாவதால், இந்த வித்தியாசம் விண்ணப்பத்தைப் பாதியில் நிறுத்திவிடும். ஆதாரைப் பள்ளிச் சான்றுக்கு ஏற்ப மாற்றுவதுதான் சுலபம். பள்ளிச் சான்றிலேயே தவறு என்றால் கேரளத்தில் பரீட்சா பவன் என்ற தேர்வுத்துறை அலுவலகம் வழியாகத் திருத்த வேண்டும், அதற்கு நேரம் எடுக்கும். அதனால்தான் இது இரண்டாவது படி.

அடுத்தது பிளஸ் டூ. பத்தாவது முடித்து, பிளஸ் டூ இல்லாமலே, வயதை மட்டும் வைத்து நேராக டிகிரி போடலாம் என்று யாராவது ஆசை காட்டினால் போகாதீர்கள். 10, பிளஸ் டூ, அதன் பிறகு பட்டம் என்ற வரிசையில் படித்த திறந்தநிலைப் பட்டத்தைத்தான் அரசு வேலைக்கு ஏற்போம் என்று தமிழ்நாடு அரசு 2009-லேயே ஆணை போட்டுவிட்டது. பார் கவுன்சில் விதியும் அப்படித்தான், வரிசை தவறிய பட்டத்தோடு மூன்றாண்டு சட்டப்படிப்புக்குப் போக முடியாது. இந்த ஒரு குறை பின்னால் எந்த மேஜராலும் சரியாகாது. பிளஸ் டூ இல்லாதவர்கள் கேரள சாக்ஷரதா மிஷன் (எழுத்தறிவு இயக்கம்) நடத்தும் துல்யதா என்ற சமநிலை ஹயர் செகண்டரியோ, தேசியத் திறந்தநிலைப் பள்ளியோ முதலில் முடித்துக்கொள்ளுங்கள். கூடுதல் காலம் ஆகும்தான். ஆகட்டும்.

3. பழைய கல்லூரிப் படிப்பு பாதியில் நிற்கிறதா?

பலருக்கு இது இருக்கிறது. இரண்டு வருடம் கோவையில் படித்தார், அப்பா இறந்தார், நின்றுவிட்டார். அல்லது மூன்று வருடமும் முடித்து நான்கு பேப்பர் அரியர். புதிதாகச் சேரும் முன் அந்தப் பல்கலைக்கழகத்தின் தேர்வுப் பிரிவில் விசாரியுங்கள். சில பல்கலைக்கழகங்கள் பழைய மாணவர்களுக்கு அவ்வப்போது சிறப்பு அரியர் வாய்ப்பு தருகின்றன. நான்கு பேப்பர் எழுதினால் கிடைக்கிற பட்டத்தை விட்டுவிட்டு மூன்று வருடம் புதிதாகப் படிப்பதில் அர்த்தமில்லை, மேஜர் பிடிக்காவிட்டாலும் கூட.

அது முடியாது என்றால் கிரெடிட் மாற்றம் கேட்கலாம், அதாவது ஏற்கெனவே தேறிய பேப்பர்களைப் புதிய படிப்பில் சேர்த்துக்கொள்ளச் சொல்லலாம். ஆனால் ஏபிசி எனப்படும் கிரெடிட் வங்கி ஏற்பாடு 2021-ல்தான் வந்தது, அதில் கிரெடிட்டின் ஆயுள் அதிகபட்சம் ஏழு வருடம். 2010-ல் படித்த பேப்பர் தானாக அதில் வந்து உட்கார்ந்திருக்காது. சேரப்போகும் பல்கலைக்கழகத்துக்குப் பழைய மார்க் ஷீட், பாடத்திட்டம் இரண்டையும் வைத்து எழுதிக் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். "சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று ஏஜென்ட் சொன்னால் அதை நம்பி மேஜர் எடுக்க வேண்டாம்.

4. வாரத்துக்கு எத்தனை மணி நேரம்

இந்தக் கணக்கை யாரும் போடுவதில்லை, போட்டால் பாதிக் குழப்பம் தீரும். தொலைநிலைக் கல்வியில் ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேரப் படிப்பு. புதிய கட்டமைப்பில் மூன்று வருடப் பட்டத்துக்கு 120 கிரெடிட், அதாவது 3,600 மணி நேரம். மூன்றே வருடத்தில் முடிக்க நினைத்தால் வருடத்துக்கு 1,200, வாரத்துக்குச் சுமார் 23 மணி நேரம். முழுநேர வேலை, வீடு, குழந்தைகள், பசுமாடு எல்லாம் இருக்கிறவருக்கு இது நடக்காது. இதையே ஐந்தாறு வருடத்துக்குப் பரப்பினால் வாரம் 12 முதல் 14 மணி நேரம், அது பலரால் முடிகிறது. இக்னோவில் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) மூன்று வருடப் பட்டத்தை முடிக்க ஆறு வருடம் வரை கொடுக்கிறார்கள். நீங்கள் சேரும் இடத்தில் அதிகபட்ச காலம் எவ்வளவு என்பதைக் கையேட்டில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். காலம் நீளமாகக் கிடைப்பது மேஜர் வளைந்துகொடுப்பதற்குச் சமம்.

மணிக்கணக்கோடு மாதக்கணக்கும் பாருங்கள். இக்னோவின் பருவத் தேர்வுகள் ஜூனிலும் டிசம்பரிலும். வண்டி ஓட்டுகிறவர்களுக்குக் கார்த்திகை, மார்கழி என்றால் சபரிமலை சீசன், வருடத்தின் பாதி வருமானம் அப்போதுதான். அவர்கள் கனமான பேப்பர்களை ஜூனுக்கு வைத்துக்கொண்டு டிசம்பரில் ஒன்றிரண்டு மட்டும் எழுதலாம். ஜூனில் கேரளத்தில் பள்ளி திறப்பு, மழை, புத்தகச் செலவு. சின்னப் பிள்ளைகள் உள்ள அம்மாக்களுக்கு அது கஷ்டமான மாதம். எந்த மாதம் உங்களுக்கு ஆகாது என்பதை முன்கூட்டியே எழுதி வையுங்கள்.

லேப், ஃபீல்டு வொர்க், பிராக்டிகல் உள்ள மேஜர்கள் இந்தக் கணக்கில் தனி. பி.எஸ்சி.க்கு லேப் உண்டு, சமூகப்பணிப் பட்டத்துக்குக் களப்பணி உண்டு, பி.சி.ஏ.வுக்குக் கம்ப்யூட்டர் பிராக்டிகல் உண்டு. அவர்கள் சொல்கிற நாளில், அவர்கள் சொல்கிற சென்டரில் போய் நிற்க வேண்டும். கஞ்சிக்கோட்டில் ஷிஃப்ட் மாறி மாறிப் போகிறவருக்கு லீவு கிடைக்குமா? கிடைக்காது என்றால் இவை மூன்றையும் இப்போதே தள்ளிவிடுங்கள்.

5. எந்த மொழி, எந்தப் பக்கத்துப் பல்கலைக்கழகம்

நம்மில் நிறையப் பேருக்கு மலையாளம் சரளமாகப் பேச வரும். ஆனால் மூன்று மணி நேரம் உட்கார்ந்து மலையாளத்தில் பரீட்சை எழுத வராது. பேசத் தெரிந்ததை எழுதத் தெரிந்ததாக நினைத்துக்கொண்டு சேர்வது அடிக்கடி நடக்கிற தவறு. பாடம் தெரியும், பதில் தெரியும், ஆனால் வேகம் வராமல் மார்க் போய்விடும்.

மூன்று வழி இருக்கிறது. கொல்லத்தைத் தலைமையிடமாகக் கொண்டு 2020-ல் தொடங்கிய ஸ்ரீநாராயணகுரு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் முதல் வழி. பாலக்காடு மாவட்டத்திலேயே பட்டாம்பியில் மண்டல மையம் உண்டு. ஆங்கிலமும் மலையாளமும் எழுத வருகிறவர்களுக்குப் போக்குவரத்துக்கு இதுதான் வசதி. இரண்டாவது இக்னோ, இந்தியா முழுவதும் செல்லும், பெரும்பாலும் ஆங்கிலம் அல்லது இந்தி. மூன்றாவது தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம். தமிழ்வழியில் படிக்கலாம், புத்தகமும் தமிழில் கிடைக்கும். ஆனால் மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு அந்த மாநில எல்லைக்குள்தான் படிப்பு மையமும் தேர்வு மையமும், அதனால் வகுப்புக்கும் பரீட்சைக்கும் நீங்கள் கோவை பக்கம் போய்வர வேண்டும். வேலந்தாவளத்துக்காரருக்கு அது ஒன்றும் தூரமில்லை. நெம்மாறைப் பக்கம் இருக்கிறவர் யோசிக்க வேண்டும். வாரநாளில் தாராளமாக நேரம் உள்ளவர்களுக்கு இன்னொன்றும் சொல்கிறேன்: சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த்துறையே இருக்கிறது, நேரடி வகுப்பில் சேர முடியுமா என்று அங்கே கேட்டுவிட்டு மற்றதைப் பாருங்கள்.

தமிழ்வழியில் படித்தவர்களுக்குத் தமிழ்நாட்டு அரசு வேலைகளில் 20 விழுக்காடு தனி ஒதுக்கீடு உண்டு, தொலைநிலைப் பட்டத்துக்கும் அது கிடைக்குமா என்பதை அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்குப் பள்ளிக்காலத்திலும் தமிழ்வழியில் படித்த சான்று காட்ட வேண்டும். கேரளத்தில் தமிழ் மீடியத்தில் படித்தவர்கள் அந்தச் சான்றைப் பள்ளித் தலைமையாசிரியரிடம் இப்போதே கேட்டு வாங்கி வைப்பது நல்லது.

எந்த நிறுவனமாக இருந்தாலும், யு.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழு) தொலைநிலைக் கல்விப் பிரிவு வலைத்தளத்தில் அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரும், நீங்கள் எடுக்கப்போகும் படிப்பின் பெயரும், இந்தக் கல்வியாண்டும் மூன்றும் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். பெயர் மட்டும் இருந்தால் போதாது. ஒரே பல்கலைக்கழகத்தில் ஒரு பட்டத்துக்கு அனுமதி இருக்கும், இன்னொன்றுக்கு இருக்காது. அனுமதியுள்ள தொலைநிலைப் பட்டமும் ஆன்லைன் பட்டமும் நேரடிக் கல்லூரிப் பட்டத்துக்குச் சமம் என்று யு.ஜி.சி. 2022 செப்டம்பரில் அறிவித்துவிட்டது, அதனால் அதில் தாழ்வு நினைக்க வேண்டியதில்லை.

6. இப்போது மேஜர்

மேலே உள்ள பதில்களோடு வந்தால்தான் இந்தப் பகுதி பயன்படும்.

முதலில் அடைபட்ட வழிகளை எடுத்துவிடலாம். இன்ஜினியரிங், சட்டம், நர்ஸிங், பார்மஸி, பிசியோதெரபி எதுவும் தொலைநிலையில் கிடையாது, யார் தருவதாகச் சொன்னாலும் செல்லாது. சைக்காலஜி மேல் பலருக்கு ஆசை. 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து அதையும், மைக்ரோபயாலஜி, உணவு-ஊட்டச்சத்து, பயோடெக்னாலஜி போன்றவற்றையும் தொலைநிலையிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி. நிறுத்திவிட்டது. இன்னமும் விளம்பரம் வரும், ஏமாறாதீர்கள்.

பி.காம். ஏற்கெனவே கணக்கு எழுதுகிற வேலையில் இருப்பவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது இதுதான். வேலந்தாவளம் மண்டியில் பில் போடுகிறவர், ரைஸ் மில்லில் ஸ்டாக் பார்க்கிறவர், 2017-ல் ஜி.எஸ்.டி. வந்ததிலிருந்து ஆடிட்டர் ஆபீசுக்கு ஃபைல் தூக்கிக்கொண்டு அலைகிறவர் எல்லோருக்கும் பாதிப் பாடம் கையிலேயே இருக்கிறது. எம்.காம்., எம்.பி.ஏ., காஸ்ட் அக்கவுண்டன்ட் எல்லாப் பக்கமும் போகலாம். எம்.காம். படிக்கப் பெரும்பாலும் பி.காம். வேண்டும், ஆனால் பி.காம். முடித்தவர் பல எம்.ஏ. படிப்புகளுக்கும் போகலாம் என்பதைக் கவனியுங்கள், இதைத்தான் வளைந்துகொடுக்கிற மேஜர் என்கிறேன். ஒரு குறை உண்டு. கேரள உயர்நிலைப் பள்ளியில் காமர்ஸ் டீச்சர் பதவியே கிடையாது, ஹயர் செகண்டரியில்தான் உண்டு, அதற்கு எம்.காம்., பி.எட்., செட் என்ற மாநிலத் தகுதித் தேர்வு மூன்றும் வேண்டும்.

பொலிட்டிகல் சயின்ஸ், பப்ளிக் அட்மினிஸ்ட்ரேஷன், வரலாறு. முதல் வழியாகப் போட்டித் தேர்வை எழுதியவர்களுக்கு. அரசியலமைப்பு, உள்ளாட்சி, நவீன இந்திய வரலாறு என்று பாடத்துக்குப் படிப்பதே தேர்வுக்கும் உதவும், அதனால் வாரம் 12 மணி நேரம் என்பது இரண்டு வேலை செய்கிறது. நேரம் குறைவாக உள்ளவருக்கு இந்த லாபம் பெரியது. எழுத்து வேலை அதிகம் என்பதால் பரீட்சை மொழி கைவசம் இருக்க வேண்டும்.

எகனாமிக்ஸும் இந்த வகைதான், போட்டித் தேர்வுக்கும் வங்கிக்கும் நல்லது. ஆனால் மேல் வருடங்களில் கணிதமும் புள்ளியியலும் வரும், பத்தாவதோடு கணக்கை விட்டவர்கள் பாடத்திட்டத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஆங்கிலம். மதிப்பு இருக்கிறது என்று எடுக்கிறார்கள், இரண்டாம் வருடத்தில் திணறுகிறார்கள். ஆங்கில மேஜர் என்றால் ஸ்போக்கன் இங்கிலீஷ் அல்ல. பழைய கவிதை, நாடகம், விமர்சனக் கொள்கை எல்லாம் வரும். படிப்பில் ருசி இருந்தால் எடுங்கள், பேசப் பழகுவதற்காக எடுக்க வேண்டாம்.

தமிழ். ஆசிரியர் வழி எழுதியவர்களுக்கு இதை உறுதியாகச் சொல்வேன். எல்லைப்பகுதித் தமிழ்ப் பள்ளிகளுக்குத் தமிழாசிரியர் தேவை இருக்கிறது, அந்தப் பதவிக்குத் தமிழ்தான் மேஜராக இருக்க வேண்டும். "ஏதாவது ஒரு பட்டம்" கேட்கும் தேர்வுகளுக்கும் இது செல்லும். தமிழ் படித்தால் வேறு வழி இல்லை என்று சொல்வது தவறு. மூன்றாண்டு சட்டப்படிப்பு, நூலக அறிவியல், எம்.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப்பணி முதுகலை எல்லாவற்றுக்கும் தமிழ்ப் பட்டம் போதும்.

சோஷியாலஜி எடுப்பவர்கள் சமூகப்பணி வேலைக்கு என்று எடுக்கிறார்கள். அந்த வேலைகளில் பல எம்.எஸ்.டபிள்யூ. கேட்கின்றன, எம்.எஸ்.டபிள்யூ.வுக்கோ பெரும்பாலும் எந்தப் பட்டமும் போதும். அங்கன்வாடியில் இருந்துகொண்டு சூப்பர்வைசர் ஆக நினைக்கிற அக்காமார் மட்டும் ஐ.சி.டி.எஸ். சூப்பர்வைசர் அறிவிப்பில் எந்தப் பாடங்களின் பெயர் இருக்கிறது என்று பார்த்துவிட்டே எடுங்கள்.

பி.சி.ஏ.வை நான் எச்சரிக்கையோடுதான் சொல்வேன். வீட்டில் கம்ப்யூட்டர் இருக்க வேண்டும், தினமும் கை பழக வேண்டும். பிளஸ் டூவில் கணிதம் இல்லாமல் சேர்ந்துவிடலாம், ஆனால் பின்னால் எம்.சி.ஏ.வுக்குப் போகும்போது கணிதம் அல்லது பிரிட்ஜ் கோர்ஸ் கேட்பார்கள்.

கடைசியாக, பல்துறைப் பட்டம் அல்லது ஜெனரல் பட்டம், அதாவது ஒரே மேஜர் இல்லாமல் இரண்டு பாடம் சமமாக எடுப்பது. பெயரைப் பார்த்தால் இதுதான் எல்லாவற்றிலும் வளைந்துகொடுப்பது போலத் தெரியும். "ஏதாவது ஒரு பட்டம்" கேட்கிற வேலைகளுக்கு நிச்சயமாக நல்லது, இரண்டு பாடத்தில் ஒன்று கடினமானாலும் மற்றது தாங்கும். ஆனால் ஆசிரியர் பதவி அறிவிப்புகள் முதன்மைப் பாடம் எது என்று கேட்கும், சில முதுகலைப் படிப்புகளும் அந்தப் பாடத்தில் இத்தனை கிரெடிட் வேண்டும் என்று கேட்கும். அப்போது பல்துறைப் பட்டம் கை விரிக்கும். ஆசிரியர் வழி உங்கள் தாளில் இருந்தால் ஒற்றை மேஜரே எடுங்கள். வளைந்துகொடுக்கிறதா இல்லையா என்பதை மேஜரின் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள், நீங்கள் தாளில் எழுதிய இரண்டு இடத்துக்கும் அது போகிறதா என்று பாருங்கள்.

நான்கு வருட ஆனர்ஸ் பற்றிக் கேட்பார்கள். அது 160 கிரெடிட், ஆராய்ச்சிக்குப் போக நினைப்பவருக்கு. வேலை பார்த்துக்கொண்டு படிக்கிறவர்கள் மூன்று வருடப் பட்டத்தோடு நிறுத்திக்கொண்டு, வேண்டுமானால் பிறகு முதுகலை படிப்பது நல்லது என்பது என் கருத்து.

7. பழைய கேள்வித்தாளை வைத்துச் சோதியுங்கள்

மிஞ்சிய இரண்டு மூன்று மேஜருக்கும் முதல் வருடக் கேள்வித்தாள் ஒன்றையும் கடைசி வருடக் கேள்வித்தாள் ஒன்றையும் இறக்கிக்கொள்ளுங்கள். இக்னோவின் பழைய கேள்வித்தாள்களும் பாடப்புத்தகங்களும் அவர்கள் வலைத்தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன, வேறு இடத்தில் சேருகிறவர்களும் பாடத்தின் ருசி பார்க்க அவற்றைப் பயன்படுத்தலாம். ஒரு பாட அலகைப் படியுங்கள், ஒரு கேள்விக்குக் கையால் விடை எழுதுங்கள். வேலை முடிந்து வந்த களைப்போடு, ராத்திரி எழுதிப் பாருங்கள், ஏனென்றால் அடுத்த சில வருடம் அப்படித்தான் படிக்கப்போகிறீர்கள். களைப்பிலும் படிக்க முடிகிற பாடம் எதுவோ அதை எடுங்கள்.

கடைசி வருடத் தாளை விடாதீர்கள். முதல் வருடப் பாடங்கள் எல்லா மேஜரிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி எளிதாக இருக்கும், வித்தியாசம் பின்னால்தான் தெரியும்.

8. துணைப்பாடத்தை இரண்டாவது வழிக்குக் கொடுங்கள்

மேஜர் முதல் வழிக்கு என்றால், துணைப்பாடமும் திறன் பாடங்களும் இரண்டாவது வழிக்கு. வரலாறு மேஜர் எடுத்தவர் பப்ளிக் அட்மினிஸ்ட்ரேஷன் எடுக்கலாம். தமிழ் மேஜர் எடுத்தவர் மொழிபெயர்ப்பு இருந்தால் எடுக்கலாம், தமிழும் மலையாளமும் தெரிந்தவர்களுக்கு அது நல்ல முதலீடு. கூடச் சேர்ந்த நண்பர் எடுத்தார் என்று எடுப்பதுதான் இங்கே வழக்கமான தவறு.

9. சேரும் வரிசை

முதலில் டிஜிலாக்கர் (அரசின் மின்னணுச் சான்றிதழ்ப் பெட்டகம்) கணக்கு, அதிலிருந்து ஏபிசி என்ற கிரெடிட் வங்கியின் அடையாள எண், அதை வைத்து யு.ஜி.சி. தளத்தில் டெப் ஐ.டி. என்ற தொலைநிலை மாணவர் அடையாள எண், அதன் பிறகுதான் பல்கலைக்கழக விண்ணப்பம். 2024 முதல் டெப் ஐ.டி. இல்லாமல் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ சேர்க்கை கிடையாது. பெயர்த் திருத்தம் முடியாமல் இதில் இறங்கினால் நடுவில் மாட்டிக்கொள்வீர்கள்.

உங்கள் சொந்த மொபைல் எண்ணும் மின்னஞ்சலும் கொடுங்கள். விண்ணப்பம் போட்டுத் தருகிற கடைக்காரரின் மின்னஞ்சலைக் கொடுத்துவிட்டு, ஹால் டிக்கெட் வரும்போது அவரைத் தேடி அலைகிறவர்களை ஒவ்வொரு சீசனிலும் பார்க்கிறேன். கட்டணத்தை நேராகப் பல்கலைக்கழகத் தளத்திலேயே கட்டுங்கள், ரசீதை இரண்டு இடத்தில் வையுங்கள்.

10. முதல் ஆறு மாதம்

சேர்ந்த அன்றே கையேட்டில் மேஜர் அல்லது துணைப்பாடம் மாற்றக் கடைசி தேதியைப் பார்த்து காலண்டரில் எழுதுங்கள். அது பெரும்பாலும் தொடக்க வாரங்களோடு முடிந்துவிடும். அதற்குள் புத்தகம் தபாலில் வராவிட்டாலும் வலைத்தளப் பிரதியை வைத்துப் படிக்க ஆரம்பியுங்கள், பொருந்தவில்லை என்றால் மாற்ற வேண்டிய நேரம் அதுதான்.

அசைன்மென்டைத் தள்ளிப்போடாதீர்கள். இக்னோவில் அதற்கு 30 விழுக்காடு மதிப்பெண், எழுத்துத் தேர்வுக்கு 70. உரிய தேதிக்குள் கொடுக்காவிட்டால், தேர்வில் நல்ல மார்க் எடுத்தாலும் அந்தப் பாடம் முடிந்ததாகக் காட்டாது. கையால் எழுதிக் கொடுப்பதால் பரீட்சைக்கு எழுத்து வேகமும் வரும்.

முதல் பருவத்தில் எல்லாப் பேப்பரையும் எழுத முயலாதீர்கள். இரண்டோ மூன்றோ எழுதிப் பாருங்கள். முதல் ரிசல்ட் வந்ததும் தொடக்கத்தில் எழுதி வைத்த தாளை எடுத்து வைத்துக்கொண்டு, வாரத்துக்கு உண்மையில் எத்தனை மணி நேரம் கிடைத்தது என்பதைக் கணக்குப் போட்டு, மீதிப் பேப்பர்களை அதற்கேற்ப வருடங்களில் பிரியுங்கள். அப்புறம் ஏபிசி கணக்கைத் திறந்து, தேறிய பாடங்களின் கிரெடிட் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறவில்லை என்றால் அந்த மாதமே மண்டல மையத்துக்கு எழுதுங்கள், பட்டம் வாங்கும் சமயத்தில் தேடுவதைவிட அப்போது சரி செய்வது சுலபம்.